இருபத்தெட்டு நாள் பாலிசி

டாம்சின் பாஸ்கோ பதின்மூன்று வருடங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புச் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டினாள். நாம் சாலையில் பார்க்கிற டிப்பர் இல்லை. அதன் சக்கரம் மட்டுமே இரண்டு ஆள் உயரம். ஓட்டுகிற இருக்கைக்குப் போக மாடிப்படி ஏறுவதுபோல ஏற வேண்டும். ஒரு நடையில் இருநூறு டன்னுக்கு மேல் மண் தூக்கும். அப்படிப்பட்ட வண்டியை வெயிலிலும் புழுதியிலும் ஓட்டிப் பழகியவள், ஐம்பத்து நாலு வயதில் வேலையை விட்டுவிட்டுப் பிரிட்டனின் தென்மேற்கு முனையான கார்ன்வாலுக்கு, கவ்ராக் கிராமத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வந்து பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை, அண்ணனின் பழைய சிவப்புக் காரை அவள் ஓட்டுவதற்கு இந்த நாட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்தது.

அண்ணன் ஹெட்லிக்கு அறுபத்தொரு வயது. நண்டு பிடிக்கிற சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். இலையுதிர் காலத்திலிருந்தே அவருக்குக் குரல் கட்டியிருந்தது. கடல் காற்று, சிகரெட், வயசு என்று ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனவரியில் டாக்டர் உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது என்றார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், வாரத்துக்கு ஐந்து நாளாக மொத்தம் இருபது நாள் கதிர்வீச்சு கொடுத்தால் நன்றாக வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னார். கூடவே ஒரு விஷயம். இரண்டாவது வாரத்திலிருந்து தொண்டை புண்ணாகிவிடும், வலிக்குக் கொடுக்கிற மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும், ஆகவே காரைத் தொடக் கூடாது.

ஆஸ்பத்திரி இருப்பது ட்ரூரோவில். கவ்ராக்கிலிருந்து பஸ்ஸில் போனால் ஹெல்ஸ்டனில் இறங்கி மாற வேண்டும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. ஆஸ்பத்திரி வண்டி இருந்தது. அது நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, ஒரு முழு நாளைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்கள் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். ஹெட்லி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. இருபது நாளைக்கு அடுத்தவன் பொழப்பைக் கெடுக்க முடியுமா?"

அதற்காகத்தான் டாம்சின் வந்தாள். அவர் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"என் கார் இன்சூரன்ஸ் பாலிசில உன் பேரைச் சேர்த்தா ஆச்சு. அஞ்சு நிமிஷ வேலை" என்று ஹெட்லி சொல்லிக்கொண்டே இருந்தார். சிகிச்சை திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில்தான் போன் போட்டார். அந்த ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமாகி, கடைசியில் எதிர்முனைப் பெண், கடந்த மூன்று வருடமாக இந்த நாட்டில் வசிக்காதவர்களைச் சேர்க்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.

"அவ இங்கேயே பிறந்தவம்மா. பதினேழு வயசுலேர்ந்து கார் ஓட்டுறா."

"புரியுது சார். ஆனா மூணு வருஷமா இங்க இருந்திருக்கணும்."

டாம்சின் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள், ஒரு வாரம், இருபத்தெட்டு நாள் என்று குறுகிய காலத்துக்கு மட்டும் கார் இன்சூரன்ஸ் கொடுக்கிற கம்பெனிகள் நிறைய இருந்தன. பெயர், பிறந்த தேதி, வண்டி எண் என எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எல்லாமே கடைசியில் அந்த ஒரே கேள்வியில் வந்து நின்றன. பிரிட்டனில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்? அவள் பத்து நாள் என்று போட்டாள். மன்னிக்கவும் என்றது. அடுத்தது. அதுவும் மன்னிக்கவும் என்றது. ஐந்தாவது கம்பெனி மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

ஹெட்லி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருஷம்னு போட்டுட்டுப் போடி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"பெரிய நீதிபதி. நான் செத்தப்புறம் உண்மையைக் கட்டிக்கிட்டு அழு."

"நீ சாகப்போறதில்லை. வழியில ஒரு புள்ளையை இடிச்சுட்டேன்னு வை. அந்த வீட்ல போய், நான் பொய் சொல்லி வாங்கின காகிதம் இது, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொல்லவா?"

ஹெட்லி கெட்டிலைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏற்கெனவே பேசாமல் விட்டது ஒன்று கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன், நோய்த்தொற்று ஊரடங்கு நேரத்தில் ஹெட்லியின் மனைவி லவ்டே இறந்துபோனாள். டாம்சின் அடக்கத்துக்கு வரவில்லை. அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். அதுவும் வானிலையைப் பற்றி.

திங்கட்கிழமை பஸ்ஸில்தான் போனார்கள். ஹெட்லியின் முகத்துக்கு அளவெடுத்து வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். தலை அசையாமல் இருக்க, அதை முகத்தில் மாட்டி மேசையோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள். வெளியே வந்தபோது அவர் நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"என்ன கண்ணு, முகத்துல என்ன ஆச்சு?"

"நண்டுக் கூட்டுக்குள்ள தலையை விட்டுட்டேன்" என்றார் ஹெட்லி. அந்தப் பெண் சிரித்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை டொக் டொக்கென்று இடித்தது. டாம்சின் தன் கோட்டைக் கழற்றிச் சுருட்டி அவர் தலைக்கு அண்டை கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை திரும்பும்போது ஹெல்ஸ்டனில் அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. மழை. ஒதுங்க இடம் தேடியபோது ஒரு ரொட்டிக் கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் நடுவில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அலுவலகம் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே ஒரே ஒரு பெண், அறுபதை நெருங்குகிறவள், கம்பளிச் சட்டையின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் டெலியா ரோஸ்வார்ன் என்று மேசையில் இருந்தது. அவள் ஹெட்லியைப் பார்த்ததும் எழுந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியிலிருந்து கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க. கரண்ட் வைக்கிறாங்களா? எங்க வீட்டுக்காரருக்கும் வச்சாங்க. அதே கட்டம்." பிறகு டாம்சினிடம் திரும்பினாள். "சொல்லுங்க."

டாம்சின் சொன்னாள். டெலியா குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, கையை நீட்டினாள். "லைசென்ஸ்."

டாம்சின் இரண்டு அட்டைகளை வைத்தாள். ஒன்று ஆஸ்திரேலியாவுடையது. மற்றது பிரிட்டன் அட்டை. அதில் இருந்தது ரெட்ரூத்தில் அவள் எப்போதோ குடியிருந்த வீட்டின் முகவரி, படத்தில் தலைமுடி வேறு நிறம்.

"இது செத்து மூணு வருஷம் ஆச்சே" என்றாள் டெலியா, பிரிட்டன் அட்டையின் காலாவதித் தேதியைக் காட்டி.

"நான் சாகலையே."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. புதுப்பிக்க இன்னைக்கே மனு போடுங்க, நான் சொல்லித்தரேன். அது வர்றதுக்குள்ள இந்த ஆஸ்திரேலியா லைசென்ஸை வச்சு ஓட்டலாம், சட்டத்துல தடை இல்லை. தடை எல்லாம் கம்பெனிக்காரங்க மனசுலதான். கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச பதில் ரெண்டே ரெண்டு. மனுஷன் கிட்ட பேசினா மூணாவது ஒண்ணு கிடைக்கும், சில சமயம்."

அந்த மனிதர் கார்டிஃபில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள், பழைய வண்டிக்காரர்கள் என்று யாரும் தொடாத ஆட்களை எடுத்துக்கொள்கிற சின்னக் கம்பெனியில், பாலிசி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர். டெலியா அவரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. வயது. எத்தனை வருட அனுபவம். எங்கே வேலை. டிப்பர் என்றதும் என்ன டிப்பர் என்று கேட்டார். டாம்சின் சொன்னாள்.

"கடந்த அஞ்சு வருஷத்துல விபத்து ஏதாவது?"

ஹெட்லி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கையைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல்லு என்பதாக.

"ஒண்ணு இருக்கு" என்றாள் டாம்சின். "நின்னுக்கிட்டிருந்த ஒரு பிக்கப் மேல ஏறிட்டேன்."

ஹெட்லி கண்ணை மூடிக்கொண்டார்.

"மேலன்னா?" என்றார் கார்டிஃப்காரர்.

"மேலதான். ஏறி இறங்கிட்டேன். எங்க சூப்பர்வைசரோட வண்டி. நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிருந்தார். என் இருக்கையிலேர்ந்து பார்த்தா அது தெரியாது. உள்ள யாரும் இல்லை."

"சேதம் எவ்வளவு?"

"அவர் அதை மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

எதிர்முனையில் ஒரு விசித்திரமான ஓசை வந்தது. லைன் போய்விட்டது என்று டாம்சின் நினைத்தாள். டெலியாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த ஆள் சிரிக்கிறார் என்று புரிந்தது. வெகுநேரம் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுரங்கத்துக்குள் நடந்தது சாலை விபத்துக் கணக்கில் வராது என்றார். "இருபத்திரண்டு வருஷமா இந்தக் கேள்வியைக் கேக்குறேன். சொல்லவேண்டிய அவசியம் இல்லாததையும் சொன்ன முதல் ஆள் நீங்கதான். உங்க சொந்த காருக்கு அங்க இன்சூரன்ஸ் வச்சிருந்தீங்கள்ல? அவங்க கிட்டேர்ந்து ஒரு கடிதம் வேணும், இத்தனை வருஷத்துல நஷ்ட ஈடு எதுவும் கேட்டதில்லைன்னு. அது வந்தா இருபத்தெட்டு நாள் கொடுக்கிறேன்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு டாம்சின் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் தன் கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே பிற்பகல் மூன்று. போனை எடுத்த பெண் அலுப்போடு பேசினாள். கடிதம் தருவோம், ஐந்து வேலைநாள் ஆகும் என்றாள்.

"அஞ்சு நாள்னா எங்க அண்ணன் இன்னும் அஞ்சு நாள் பஸ்ஸில போகணும். தினம் நாலு மணி நேரத்துக்கு மேல. தொண்டையில கரண்ட் வச்சுட்டு."

"அது எங்க விதிமுறை மேடம்."

"சரிம்மா. நீ என்ன பண்ணுவ" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். எட்டு மணிக்கு முன்பாக, பஸ் நிறுத்தத்திலேயே போனில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது. கடிதம்தான். கீழே ஒரு வரிகூடக் கூடுதலாக இல்லை, கையெழுத்தும் தேதியும் மட்டும். டாம்சின் அதை அப்படியே டெலியாவுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகு ஒரு நிமிடம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெர்த்தில் போனை எடுத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாலிசி வந்தது. விலையைக் கேட்டுவிட்டு ஹெட்லி, "என் கார் மொத்தமா விக்கிறதே அவ்வளவுதான்" என்றார். குரல் பாதிதான் வந்தது.

முதல் நாள் அவரை உட்கார வைத்துவிட்டு டாம்சின் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நாலு டயரையும் குனிந்து பார்த்தாள், அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே ஏறி, ஹார்னை இரண்டு தடவை அடித்துவிட்டு முன்னே நகர்த்தினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

"எதுக்குடி அடிக்கிற?"

"முன்னால போனா ரெண்டு. பின்னால போனா மூணு. சுரங்க விதி."

"இது சுரங்கம் இல்லை. நான் இந்த ஊர்ல இருந்தாகணும்."

அந்தப் பழக்கம் போக நாலு நாள் ஆனது. எதிரே வருகிற வண்டிக்கு அவள் விடுகிற இடத்தில் ஒரு பஸ் போகலாம் என்று ஹெட்லி கேலி செய்தார். சிறிய காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுவது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வேலி உயர்ந்த சந்துகளில், பள்ளத்துக்குள் வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் ட்ரூரோ. பதினோரு மணிக்குள் வீடு. மதியம் அவர் கட்டிலில் தூங்கினார். அவள் கீழே போய்ப் படகை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

இரண்டாவது வாரக் கடைசியில் அவரால் கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை. கஞ்சி, சூப், பால் சாதம். ஒரு நாள் பசி தாங்காமல் டாம்சின் வழியில் அந்த ஊர்ப் பலகாரமான பாஸ்டி ஒன்று வாங்கி, கறியும் உருளைக்கிழங்கும் மணக்க மணக்க ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "இறங்கி வெளிய போய்த் தின்னு" என்றார் ஹெட்லி, கிசுகிசுப்பாக. சிகிச்சை முடியும்வரை அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மூன்றாவது வாரம் குரல் சுத்தமாக நின்றுவிட்டது. பேசவே கூடாது என்று நர்ஸும் சொல்லிவிட்டாள். மடியில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டார்.

அவர் பேசாமல் போனதும் காரில் பேச டாம்சின் மட்டும்தான் மிச்சம். முதலில் சுரங்கத்துக் கதைகளைச் சொன்னாள். அவையெல்லாம் தீர்ந்தபின், ஈஸ்டர் விடுமுறை முடிந்து மறுபடி போன செவ்வாய்க்கிழமை, கூன்ஹில்லி மேட்டில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஆரம்பித்தாள்.

"லவ்டேவுக்கு நான் வராதது…"

ஹெட்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மூணு தடவை டிக்கெட் எடுத்தேன், ஹெட்லி. மூணு தடவையும் ரத்து பண்ணிட்டாங்க. நாட்டை விட்டு வெளிய போகவே அனுமதி வாங்கணும். போனா எப்ப திரும்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. கடைசி தடவை அனுமதி கிடைச்சது. நான்தான் பயந்துட்டேன். வேலை போயிடும்னு. அதை உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. விமானம் இல்லைன்னு மட்டும் சொன்னேன். அது பாதிதான் உண்மை."

டிராக்டர் நகர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஹெட்லி நோட்டை அவள் பக்கம் நீட்டினார். ஓட்டிக்கொண்டே படிக்க முடியாது. அரை மைல் தள்ளி, எதிர்வண்டிக்கு ஒதுங்குகிற இடம் வந்ததும் நிறுத்தி வாங்கிப் படித்தாள்.

"கடைசி வாரம் அவ உன்னைப் பத்திப் பேசினா. டாம்சினால வர முடியாது, அவளைத் திட்டாதேன்னு சொன்னா. நான் கேக்கலை. அவ சொன்னதையும் உன்கிட்ட சொல்லலை. மூணு வருஷமா வச்சிருக்கேன்."

டாம்சின் அதை இரண்டு முறை படித்தாள். பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்று, ஏன் போகவில்லை என்று விளக்கைச் சிமிட்டியது. அவள் கையைக் காட்டி அதைப் போகச் சொன்னாள். ஹெட்லி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடுமுறையில் கன்னத்துக் கட்டம் மறைந்திருந்தது. அவள் அவர் கையைப் பிடித்தாள். இதற்கு முன் எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை வாங்கி இன்னொரு வரி எழுதினார்.

"நேரமாச்சு. அந்த மிஷின் காத்திருக்காது."

இருபதாவது நாள் சிகிச்சை முடிந்தபோது பாலிசியில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த மிச்ச நாளில் டாம்சின் ஹெல்ஸ்டனுக்குப் போய் டெலியாவைப் பார்த்தாள். புதிய பிரிட்டன் லைசென்ஸ் தபாலில் வந்திருந்தது. டெலியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொரு இருபத்தெட்டு நாளா, ஒரு வருஷமா?"

"ஒரு வருஷத்துக்குக் கொடுப்பாரா அந்த ஆள்?"

"கொடுப்பார். அந்தப் பிக்கப் கதையை ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டாராம். நான் கேக்கிறது உங்களை."

டாம்சின் தெருவைப் பார்த்தாள். "ஒரு வருஷம்" என்றாள்.

அடுத்த இரண்டு வாரம்தான் மோசமாக இருந்தது. சிகிச்சை முடிந்தும் தொண்டை எரிந்துகொண்டேதான் இருக்கும் என்று அவர்கள் சொன்னது சரியாகவே நடந்தது. மே மாதத்தில் ஹெட்லி முட்டை சாப்பிட்டார். ஜூனில் ஒரு காலை மாடியிலிருந்து ஏதோ கரகரவென்று கேட்டது. ரேடியோ என்று நினைத்தாள். அவர் தன் காலுறையைத் தேடித் திட்டிக்கொண்டிருந்தார். டாம்சினுக்கு செயின்ட் ஆஸ்டல் பக்கத்தில் வெள்ளைக் களிமண் வெட்டுகிற இடத்தில் டிப்பர் ஓட்ட வேலை கிடைத்தது. சின்ன டிப்பர், நாற்பது டன்தான் என்றாள், குறையோடு.

ஜூலையில் பரிசோதனை. டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, திரையை அவர்கள் பக்கமும் திருப்பிக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். "எனக்கு ரொம்பத் திருப்தி. இன்னும் சில வருஷம் அடிக்கடி பார்ப்போம். குரல் கொஞ்சம் கரகரப்பா இருக்கும். காரெல்லாம் தாராளமா ஓட்டலாம்."

வெளியே வந்து கார் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். டாம்சின் வழக்கமான பக்கம் போய்க் கதவைத் திறக்கப் போனாள். ஹெட்லி அவளுக்குக் குறுக்கே நின்று கையை நீட்டினார்.

"சாவி."

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு ஓட்டு."

"டாக்டர் சொன்னது உனக்குக் கேக்கலையா? கொடுடி. நாலு மாசமா ஒரு பக்கமே உக்காந்து கழுத்து கோணிப்போச்சு."

அவள் கொடுத்தாள். சுற்றிப்போய் இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஹெட்லி கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஒரே மிதி மிதித்தார்.

"மெதுவாப் போ."

"இதுதான் மெதுவா."

"எதிர்ல லாரி வருது."

"அவனுக்குக் கண்ணு இருக்கு" என்றார் ஹெட்லி, சந்தோஷமாக.

ஹெல்ஸ்டன் தாண்டும்வரை டாம்சின் கதவுக் கைப்பிடியை விடவில்லை.